தூக்கம் வருதா?

"எந்த ஊர் நீங்க?"

துபாயில் புதிதாக எந்தத் தமிழரைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான். முன்பெல்லாம் "கோலார் தங்கவயல்" என்று சொன்னால் "அது எங்கே இருக்கு, ஆந்திராவா?" என்பார்கள். 2018ல் அந்தப் படம் வந்த பிறகு நிலைமையே வேறு. "அட, கேஜிஎஃப்பா? ராக்கி பாய் ஊரா!" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். நானும் சிரித்து வைப்பேன். எங்கள் ஊரில் துப்பாக்கி தூக்கிய ஆளை நான் பார்த்ததே இல்லை. விடியற்காலையில் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடிய ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். என் நைனா.

(எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். துபாய் வந்த பிறகு நாலு பேர் முன்னால் "எங்க ஃபாதர்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இங்கே அது வேண்டாம்.)

இதை எழுதட்டுமா என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். "நான் போனப்புறம் எழுதிக்கோ. இருக்கறப்ப வேணாம்டா. லைன்ல நாலு பேரு நாலு விதமா பேசுவான்" என்றார். 2023ல் போய்விட்டார். சுரங்கத்துத் தூசி தின்ற நுரையீரல் அதற்கு மேல் இழுக்கவில்லை. அவர் கொடுத்த அனுமதி இப்போதுதான் பயன்படுகிறது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. அதற்குப் பிறகு வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்திலிருந்து சாரி சாரியாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். என் தாத்தாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவராம். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று நாங்கள் பெருமை அடித்துக்கொள்வோம். கரண்ட் வந்தது சுரங்கத்துக்கு. எங்கள் லைன் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது ரொம்ப காலம் கழித்து. அது தனிக் கதை.

நைனா வேலை செய்தது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே போகப் போகப் பாறையே சுடும். ஷிப்ட் முடிந்து வந்தால் துணியைப் பிழிந்து காயப்போட வேண்டும். அதைவிடப் பயம் பாறை வெடிப்பு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். அடுத்த நிமிடம் லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது ஆளுக்கு ஒரு டோக்கன். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு டோக்கன் குறைந்தாலும் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம், உடனே தேடிப் போவார்கள். "என்ன ஆச்சுன்னாலும் நம்மள உட்டுட்டு வரமாட்டானுங்க. அந்தத் தைரியத்துலதான் எறங்கறது" என்பார் நைனா.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நூற்றிருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊர் அது. கடைசியில் வேலையில் மிச்சம் இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். நான் அப்போது பி.காம். கடைசி வருடம். நைனாவுக்கு வயது 51.

முதல் சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, எங்கேயும் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். செட்டில்மென்ட் பணம் அக்கா கல்யாணத்துக்குப் போனது. சாயங்காலம் கேரம் ஆடப் போவதை நிறுத்தினார். பிறகு சலூனுக்குப் போவதை நிறுத்தினார். கேட்டால் "நெஞ்சு அடைக்குது", "வாயு", "ஒடம்பு வலி". சுரங்கத்து ஆட்களுக்கு நெஞ்சு அடைப்பது புதிதா என்ன? கஷாயம் வைத்துக் கொடுத்தோம். எனக்கு உண்மையிலேயே அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் ஆண்களுக்கு அன்று அனுமதிக்கப்பட்ட மருந்து ஒன்றே ஒன்றுதான். சாராயக்கடையில் கிடைக்கும். அதைக் குடித்துவிட்டு அழுதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "பாவம், குடிச்சிருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். குடிக்காமல் அழுதால்தான் பிரச்சினை. 2007ல் கர்நாடகாவில் சாராயத்தைத் தடை செய்தார்கள். பாட்டிலும் விலையும் மாறின, அவ்வளவுதான்.

எதிர் வீட்டு மாமா குடிக்க மாட்டார். அதிர்ந்து பேசாதவர். என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவர். 2003ல் ஒருநாள் அவர் இல்லை. எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. "தீராத வயிற்று வலியாம்" என்று லைன் முழுக்கப் பேசினார்கள். இந்த வயிற்று வலியை நம் பத்திரிகைகளில் நீங்களும் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். அது எந்த வலி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே. அந்தச் சாவுக்கு நைனாவும் வந்தார். தூரமாக ஒரு சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுத்தவர், இரண்டு நாள் எழவில்லை. "சிநேகிதன் போயிட்டான், வருத்தம்" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடமே எனக்கு பெங்களூரில் வங்கி வேலை கிடைத்தது. நைனாவும் பெங்களூரிலேயே ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை வழியாகப் போய்ச் சேர, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கேங்குக்கே முன்னால் நின்றவர், கேட் திறந்து கார்களுக்கு சல்யூட் அடித்தார். நான் பேயிங் கெஸ்ட் அறை எடுத்துப் பெங்களூரிலேயே தங்கிவிட்டேன். பிறகு 2011ல் துபாய். மாதாமாதம் பணம், வெள்ளிக்கிழமை போன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." "ஒடம்பு?" "பரவால்ல." உங்கள் வீட்டுப் போனும் இப்படித்தானே?

* * *

இப்போது என் கதை. 2020.

எல்லாருக்கும் அந்த வருடம் எப்படிப் போனது என்று தெரியும். எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை போனது, மிச்சம் இருந்தவர்களுக்குச் சம்பளம் குறைந்தது. நான் மிச்சம் இருந்தவன், சந்தோஷப்பட வேண்டியவன். ஒருநாள் ராத்திரி நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது, கை மரத்துப்போனது. ஹார்ட் அட்டாக் என்று எமர்ஜென்சிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. சுத்தம். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கூத்து, மறுபடியும் சுத்தம். அந்த டாக்டர், மலையாளி, பொறுமையாக நாலு கேள்வி கேட்டுவிட்டு மனநல மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்து கார் டாஷ்போர்டில் போட்டுப் பூட்டினேன். வீட்டில் மனைவி கேட்டதற்கு "கேஸ் டிரபிள்" என்றேன். நைனாவின் அதே வாயு!

ஏன் போகவில்லை? பயம்தான். இன்சூரன்ஸில் பதிவாகிவிடுமோ, ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ, விசா புதுப்பிக்கும்போது ஏதாவது வருமோ. நான் பார்ப்பது கடன் பிரிவு. ஒருத்தரைப் பார்த்ததும் இவர் ரிஸ்க்கா இல்லையா என்று எடை போடுகிற நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனே ரிஸ்க் என்று தெரிந்தால்? மகள் எட்டாவது படிக்கிறாள், ஊரில் வீட்டு லோன் ஓடுகிறது. இதில் ஒரு பயத்தைக்கூட நான் யாரிடமும் விசாரித்துப் பார்க்கவில்லை. வாடிக்கையாளருக்கு ஆயிரம் பேப்பர் கேட்பவன், என் விஷயத்தில் ஒரு பேப்பர்கூடப் பார்க்காமல் "நிராகரிக்கப்பட்டது" என்று முத்திரை குத்திவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல நைனாவுக்குப் போன். வழக்கமான கேள்விகள் முடிந்து வைக்கப் போகும்போது அவர் கேட்டார்.

"தூக்கம் வருதாடா?"

"வருது நைனா."

"எத்தினி மணிக்கு முழிப்பு வருது?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "மூணு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னார். "எனக்கும் மூணு மணிக்குத்தான் வரும்."

அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் நான் பதினைந்து வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

2005ல் ஒருநாள் டியூட்டி முடிந்து திரும்பும்போது பங்காருப்பேட்டை ஸ்டேஷனில், ரயில் வந்தும் ஏறாமல் நைனா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். கூட வந்தவர் பழைய ஷிப்ட் ஆள், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன் (சொந்தம் இல்லை, அதைவிட மேல்). அவரும் ஏறவில்லை. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த ரயிலில் கையைப் பிடித்து ஏற்றிக் கூட்டி வந்தார். நாலு நாள் கழித்து நைனாவிடம் போய், "எனக்குத் தூக்கமே வரலடா. நிமான்ஸ்ல நல்லா பாக்கறாங்களாம். தனியா போக பயமா கீது. துணைக்கு வர்ரியா?" என்றிருக்கிறார்.

எங்கள் ஊரில் நிமான்ஸ் என்றால் "பைத்தியக்கார ஆஸ்பத்திரி". அந்தப் பக்கம் பஸ் போனாலே கிண்டல் செய்வோம். 1974ல் பழைய மனநல மருத்துவமனையையும் ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்த்து உருவாக்கிய, நாடு முழுவதிலிருந்தும் டாக்டர்கள் படிக்க வருகிற இடம் அது என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? அந்த இடத்துக்கு "உனக்குப் பைத்தியம், வா" என்று கூப்பிட்டிருந்தால் நைனா வந்திருக்க மாட்டார். துணைக்கு வா என்று கூப்பிட்டதால் போனார். துணைக்கு வரமாட்டேன் என்று சொல்வது சுரங்கத்து ஆளுக்கு முடியாத காரியம்.

ஒரு நாள் கூலி போயிற்று. காலையிலிருந்து வரிசை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து பெரியப்பா தன் தூக்கத்தைப் பற்றி எல்லாம் சொன்னார். மூணு மணிக்கு முழிப்பு வருது, சோறு மண்ணு மாதிரி இருக்குது, எதுக்கு இருக்கறோம்னு தோணுது. சொல்லி முடித்துவிட்டு, "இவனுக்கும் இதேதான் சார்" என்று நைனாவைக் காட்டினாராம். டாக்டர் நைனா பக்கம் திரும்பினார். நைனா "ஆமா சார்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. "அந்த ரெண்டு வார்த்தை வாயில வர நாலு வருஷம் ஆச்சுடா" என்றார் என்னிடம்.

மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும், உடனே தெரியாது, நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் ஒருநாள் அவர் விழித்துப் பார்த்தபோது மணி ஐந்து. ரயிலை விட்டுவிட்டார்! "வேலைக்குப் போவலன்னு மேஸ்திரி திட்டுனான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு" என்றார். மாத்திரையைப் பழைய பொடி டப்பாவில் வைத்திருந்தாராம். அந்த டப்பாவை நான் லீவுக்குப் போனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். "பொடியை விடுங்க நைனா" என்று லெக்சர் வேறு அடித்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

பெரியப்பாவுக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லையா, நைனாவுக்காகச் சொன்னாரா? நைனா பின்னால் ஒருமுறை கேட்டாராம். "இப்ப அது எதுக்குடா" என்று சிரித்துவிட்டாராம்.

அடுத்த வாரம் நான் அந்தச் சீட்டை எடுத்தேன். கொரோனா காலம், யாரும் வர முடியாது. "நீ உள்ள போற வரைக்கும் நான் போன்ல கீறேன்" என்றார் நைனா. வாட்ஸ்அப் கால் இங்கே வேலை செய்யாது, சாதாரண போன்தான். காத்திருக்கிற நாற்பது நிமிடமும் லைனில் இருந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. எதிர் வீட்டு முருங்கை காய்த்திருக்கிறது, ரேஷனில் ராகி நன்றாக இருக்கிறது... இப்படி. என் பேரைக் கூப்பிட்டதும் "போ" என்றார். இப்போது நன்றாக இருக்கிறேன். வேலையும் இருக்கிறது, விசாவும் இருக்கிறது. மனைவியிடம் அன்று ராத்திரி சொன்னேன். அவளுக்கு ரொம்ப முன்பே தெரிந்திருக்கிறது, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாளாம்.

* * *

சரி, கொஞ்சம் கணக்கும் பார்ப்போம், பி.காம். புத்தி போகாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்தில் ஏழு பேர். மொத்தத்தில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். நிமான்ஸ் 2015-16ல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை.

"ஆம்பளைங்க மனசு விட்டுப் பேசணும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் நைனாவுக்கு அந்த வார்த்தையே கிடையாது. அவருக்கு இருந்தது நெஞ்சடைப்பும் வாயும் மட்டும். வார்த்தை இருந்தாலும் யாரிடம் சொல்வது? லைன் வீட்டில் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். வேலை போனதோடு பழைய கம்பெனி ஆஸ்பத்திரியும் போனது. நூறு கிலோமீட்டர் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். எனக்கு வார்த்தை, காசு, இன்சூரன்ஸ், கார் எல்லாம் இருந்தன. நானும் போகவில்லை. எங்கள் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரே விஷயம்தான். சொல்லு சொல்லு என்று நச்சரிக்காமல் ஒருத்தர் கூட வந்தார்.

வங்கியில் தவணை ஒரு நாள் தள்ளினாலே சிஸ்டம் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவில் 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்பே 30 நாள், 60 நாள் என்று தனிப் பட்டியல் போட்டு, போன் போட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். மனச்சோர்வுக்கு டாக்டர்கள் சொல்கிற கெடு இரண்டே வாரம். இரண்டு வாரம் தொடர்ந்து மனசு சரியில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம், சாப்பாடு கெட்டுவிட்டது என்றால் போய்க் காட்டச் சொல்கிறார்கள். நம் வீட்டு ஆண்களுக்கு நாம் போடுவது எத்தனை வருடக் கெடு?

சட்டமும் மாறியிருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2017 மனநலச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மற்ற நோய்கள் மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டாம், கூலி போகாது. அன்று எதிர் வீட்டு மாமாவுக்கு இது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். இலங்கையில் 1926. கனடா, அமெரிக்காவில் 988. இங்கிலாந்தில் 116 123. ஆஸ்திரேலியாவில் 13 11 14. வளைகுடாவில் இருப்பவர்கள் என்னை மாதிரி சீட்டை டாஷ்போர்டில் பூட்டாமல், வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே ஆரம்பியுங்கள்.

இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது அப்பாவிடமோ அண்ணனிடமோ மச்சானிடமோ, "சாப்பிட்டீங்களா"வோடு சேர்த்து "தூக்கம் வருதா" என்றும் கேளுங்கள். "வருது" என்றுதான் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் லைனிலேயே இருங்கள்.